ஆண்டானும் அடிமையும் கணினிக்குள் எதற்கு?

பழகிப்போன ஒரு சொல்லை மாற்றுக என்று எவரேனும் எடுத்துரைத்தால், அவரை நோக்கி மூன்று விடைகள் உடனே பறந்து வரும். "எல்லார்க்கும் விளங்குகின்ற சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?" என்பது முதல் விடை. "அச்சொல்லை வழங்குவோர் தீய எண்ணத்துடன் வழங்கவில்லையே" என்பது இரண்டாம் விடை. "எத்துணையோ சிக்கல்கள் இருக்க, ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவதா?" என்பது மூன்றாம் விடை. 1916-ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய நாள்தொட்டுத் தமிழ்நலம் நாடுவோர் இம்மூன்று விடைகளையும் கேட்டுக் கேட்டுச் செவி மரத்துப் போயினர். நூறாண்டு கடந்தபின், கடலுக்கு அப்பால், கணினி நிரல் எழுதுவோரிடையே ஆங்கிலச் சொற்கள் சிலவற்றைப் பற்றி ஒரு சொற்போர் மூண்டது. அங்கும் இதே மூன்று விடைகள், இதே எள்ளலுடன் எழுந்தன என்பது கருதத்தக்கது. அச்சொற்போரின் வரலாறு தமிழர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. சொல்லாராய்ச்சி வேலையற்றோரின் பொழுதுபோக்கு என்னும் பழிக்கு அதில் விடை உண்டு. கணினித் துறைக்குத் தமிழ்ச்சொல் ஆக்குவோர் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதற்கும் அதில் வழி உண்டு.

திறவூற்று மென்பொருள் என்பது, தன் நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும் இடந்தருவது. கட்டற்ற மென்பொருள் என வழங்குவதும் இதனோடு நெருங்கிய உறவுடையதே. பல நாடுகளிலிருந்து, ஒருவரையொருவர் நேரிற் கண்டறியாத பல்லாயிரவர் கூடி இதனை ஆக்குகின்றனர். அவர்களை இணைக்கும் கயிறு எழுத்து ஒன்றே. நிரலோடு கூடவே அதற்குரிய விளக்க ஏடும் எழுதப்படுகின்றது. புதிதாக வருபவர் அவ்வேட்டைப் படித்தே தொழில் கற்கின்றார். ஆகலின் அவ்வேட்டில் ஒருமுறை இடம்பெற்ற சொல், அடுத்து வரும் தலைமுறையினர் கையிலும் நாவிலும் தானே ஏறிவிடுகின்றது.

அவ்வாறு ஏறிய சொற்களுள் தலையாயது 'மாசுட்டர்–சிலேவு' என்னும் இணை. ஒரு கருவி ஏவ, மற்றொன்று அதன்வழி இயங்குமாயின், முன்னது ஆண்டான் எனவும் பின்னது அடிமை எனவும் இவ்விணையால் குறிக்கப்பட்டன. அவ்வாறே, தடுக்கவேண்டியவற்றின் பட்டியல் 'கருப்புப் பட்டியல்' எனவும், விடவேண்டியவற்றின் பட்டியல் 'வெள்ளைப் பட்டியல்' எனவும் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் வழங்கின. இவற்றை எழுதியோருள் பெரும்பாலோர் எந்த மாந்தனையும் இழிவுபடுத்தக் கருதியவர் அல்லர். பொறியைப் பற்றியே எழுதினர். ஆயின், பொறிக்கு இட்ட பெயர் எங்கிருந்து வந்தது?

அமெரிக்க ஆய்வாளர் இரான் எகிலாசு என்பார் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையில் இவ்வினாவை எடுத்துக்கொண்டு துருவிப் பார்த்தார். அவர் கண்ட மிகப் பழைய சான்று 1904-ஆம் ஆண்டினது. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் ஆங்கிலேயர் நிறுவியிருந்த வான்நோக்கு நிலையத்தில், தேவிடு கில் என்னும் வானியலார் அமைத்த மணிப்பொறியைப் பற்றியது அது. வெப்பமும் அழுத்தமும் மாறாதவாறு அடைத்து வைக்கப்பட்ட ஊசல் ஒன்று ஆட, அதனோடு ஒத்து வேறொரு மணிப்பொறி ஓடியது. பின்னதற்கு இடப்பட்ட பெயரே 'அடிமைப் பொறி'.

அந்த நிலத்தில் அடிமை என்பது உவமைக்குரிய சொல்லாக மட்டும் இருந்ததில்லை. 1652-ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் குழுமம் அம்முனையில் குடியேற்றம் அமைத்தது முதல், ஆங்கிலேயர் ஆட்சியில் 1834-இல் அடிமை முறை சட்டத்தால் நீங்கும்வரை, அங்கு மாந்தர் விலைக்கு வாங்கப்பட்டனர், விற்கப்பட்டனர். மடகாசுக்கரிலிருந்தும், கீழை ஆப்பிரிக்காவிலிருந்தும், சாவகம் முதலிய தீவுகளிலிருந்தும், இந்தியக் கடற்கரைகளிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்டோர் அவர்கள். ஊர்ப்பெயரே அவர்தம் இரண்டாம் பெயராயிற்று. அந்நாட்டுப் பழம்பதிவுகளில் வங்கத்தார், மலபாரார் என்னும் குறிப்புகளுடன் 'கோரமண்டலத்தார்' என்னும் குறிப்பும் காணப்படுகின்றது. கோரமண்டலம் என்பது சோழமண்டலம். தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் சூழ்ந்த 1659 முதல் 1661 வரையான ஆண்டுகளில் மட்டும், நாகப்பட்டினம் முதலிய துறைகளில் அதே குழுமம் பல்லாயிரவரை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றியது. அவருள் மிகப் பலர் இலங்கைக்கும், சிலர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் சென்றனர். 'அது வெள்ளையர்க்கும் கருப்பர்க்கும் இடைப்பட்ட வழக்கு. தமிழர்க்கு அதில் என்ன?' என்று கேட்போர் இவ்வரலாற்றை ஒருமுறை நினைத்துப் பார்ப்பாராக.

சொல்லை மாற்றுக என்னும் குரல் அண்மையில் திடுமென எழுந்ததன்று. அமெரிக்காவின் இலாசு ஏஞ்செலிசு மாவட்ட ஆட்சியகம், அலுவலர் ஒருவரின் முறையீட்டை அடுத்து, 2003-ஆம் ஆண்டில் தனக்குக் கருவிகள் விற்கும் நிறுவனங்களுக்கு ஒரு மடல் விடுத்தது. கருவிகளின்மேல் ஆண்டான், அடிமை என்னும் பெயர்களைப் பொறிக்க வேண்டா என்பது அதன் வேண்டுகோள். உலகமே அதனை எள்ளி நகையாடியது. பதினோராண்டு கழித்து, 2014-இல், இணையத்தளங்கள் ஆக்கப் பயன்படும் சாங்கோ, துருப்பல் என்னும் திறவூற்று மென்பொருள்களின் ஆக்குநர், தம் விளக்க ஏடுகளிலிருந்து அவ்விணையை நீக்கி, முதன்மை, படி எனப் பொருள்படும் சொற்களை இட்டனர். அப்போதும் எள்ளல் குறையவில்லை. ஆயின் மாற்றம் நின்றது.

2018-ஆம் ஆண்டு செப்பிடம்பர்த் திங்களில் இச்சொற்போர் இரு பெரிய களங்களை எட்டியது. பைத்தான் என்னும் நிரல்மொழியின் ஆக்குநருள் ஒருவர் இத்தகைய சொற்களை நீக்க நான்கு திருத்தங்களை முன்வைத்தார். கடும் சொல்லாடலுக்குப் பின், அம்மொழியைப் படைத்த கைடோ வான் உரோசம் அவ்வழக்கை முடித்துவைத்தார். மூன்று திருத்தங்கள் ஏற்கப்பட்டன, ஒன்று தள்ளப்பட்டது. தள்ளப்பட்டது ஏனெனின், அது யூனிக்சு என்னும் பழைய இயங்கு அமைப்பில் வேரூன்றிய பெயரைச் சுட்டியது. அங்குப் பெயர் மாறாதிருக்க இங்கு மட்டும் மாற்றினால் படிப்போர் குழம்புவர். அதே திங்களில், இரெடிசு என்னும் தரவுத்தளத்தை ஆக்கிய இத்தாலியர் சால்வத்தோரே சான்பிலிப்போ, முதலில் இம்மாற்றத்தை எதிர்த்தே எழுதினார். எனினும் பின்னர் இசைந்தார். அடிமை என்னும் சொல்லின் இடத்தில் படி எனப் பொருள்படும் சொல் வந்தது. பழைய கட்டளைச் சொல்லை அறவே அழித்தால் அதனை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் யாவும் முறியும் ஆகலின், புதிய கட்டளையும் பழைய கட்டளையும் ஒருங்கே இயங்குமாறு அமைத்தார்.

2020-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் அமெரிக்காவின் மினியாப்பொலிசு நகரில் சார்சு பிளாய்டு என்னும் கருப்பினத்தவர் காவலர் ஒருவரின் முழங்காலின்கீழ் மூச்சுத் திணறி மாண்டார். அதனை அடுத்து எழுந்த கிளர்ச்சி கணினித் துறையையும் உலுக்கியது. இலினக்சுக் கருநிரலின் எழுத்துநெறி ஏட்டில், இத்தகைய சொற்களைப் புதிதாகப் புகுத்தலாகாது என்னும் விதி அவ்வாண்டு சூலையில் இலினசு தோர்வால்டுசின் இசைவுடன் சேர்க்கப்பட்டது. மைசீக்குவல் தரவுத்தளத்தார் அதே திங்களில் ஊற்று, படி எனப் பொருள்படும் பெயர்களுக்கு மாறுவதாக அறிவித்தனர். நிரல்களைச் சேர்த்துவைக்கும் கிட்கப்பு நிறுவனம், 2020 அக்தோபர் 1 முதல் புதிதாகத் தொடங்கும் நிரற்கோப்புகளின் தலைக்கிளைக்கு 'மாசுட்டர்' என்பதை விடுத்து 'மெயின்' என்று பெயரிட்டது. இக்கிளர்ச்சிக்கு முன்னரே, பிரித்தானிய அரசின் இணையக் காவல் நடுவம் கருப்புப் பட்டியல், வெள்ளைப் பட்டியல் என்னும் பெயர்களைக் கைவிட்டிருந்தது.

இனி, எதிர்ப்போர் கூற்றுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்தல் வேண்டும்.

'பொருள் எல்லார்க்கும் விளங்குகின்றது' என்பது முதற் கூற்று. உண்மையில் விளங்குகின்றதா? பழைய கணினிகளில் ஒரே வடத்தில் இரண்டு வன்வட்டுகளைப் பூட்டி, ஒன்றை ஆண்டான் என்றும் மற்றதை அடிமை என்றும் அழைத்தனர். ஆண்டான் வட்டு அடிமை வட்டுக்கு எந்த ஆணையும் இடவில்லை. இரண்டும் கணினியின் ஆணையையே கேட்டு நடந்தன. பின்னாளில் அக்கருவிகளுக்கு வரையறை வகுத்தோர் 'கருவி 0', 'கருவி 1' என்று எழுதியபோது, மெய்யான உறவு வெளிப்பட்டது. தரவுத்தளத்தின் செய்தியும் இத்தகையதே. எழுதும் பணி ஒரு தளத்திடம் இருக்கும்; ஏனைய தளங்கள் அதன் படிகளை வைத்திருந்து, படிக்க வருவோர்க்கு விடையளிக்கும். எழுதும் தளம் பழுதுற்றால், படிகளுள் ஒன்று அதன் இடத்துக்கு உயர்த்தப்படும். பழுது நீங்கி மீண்டு வரும் பழைய தளம் படிகளுள் ஒன்றாக அமரும். அடிமை ஆண்டானாக உயர்வதும், ஆண்டான் திரும்பிவந்து அடிமையாவதும் எந்த அடிமை முறையில் நிகழ்ந்தன? பொருளை விளக்குவதற்கென எடுத்த உவமை பொருளை மறைத்தது என்க.

இலினக்சு ஏடு பழைய இணைக்கு மாற்றாக ஒரே ஓர் இணையைத் தரவில்லை என்பது ஈண்டு உற்றுநோக்கத்தக்கது. முதன்மை–இரண்டாவது, முதன்மை–படி, தொடக்கி–இலக்கு, கோருவது–விடையளிப்பது, கட்டுப்படுத்தி–கருவி, தலைவன்–பின்பற்றுவோன், இயக்குவோன்–நிகழ்த்துவோன் எனப் பொருள்படும் பல இணைகளை அடுக்கி, இடத்துக்கேற்ப ஒன்றைத் தேர்ந்துகொள்க என்கின்றது. இத்தனை வேறுபட்ட உறவுகளையும் இதுகாறும் ஒரே மூட்டைக்குள் திணித்திருந்தனர். படியெடுப்பதும், ஏவல் கேட்பதும், கேட்ட வினாவுக்கு விடையிறுப்பதும் ஒன்றாகா. சொல் மாறியபோது கருத்தும் கூர்மை பெற்றது. எச்சொல்லும் பொருள் குறித்ததாதல் வேண்டும் என்பது தமிழிலக்கண நெறி. அந்நெறிக்கு நேர்மாறாக நின்ற சொற்களைக் களைந்ததனால் அவ்வேடுகள் தெளிவடைந்தனவேயன்றிக் குறைவுறவில்லை.

'தீய எண்ணம் இல்லையே' என்பது இரண்டாம் கூற்று. எறிந்தவனிடம் தீய எண்ணம் இல்லையென்பதனால் கல் பட்டவனின் காயம் ஆறிவிடுவதில்லை. இதனைத் தமிழரினும் நன்கறிந்தோர் எவர்? இலங்கையின் தேயிலை மலைகளைத் தம் உழைப்பால் உருவாக்கிய மலையகத் தமிழர்மீது 'கள்ளத்தோணி' என்னும் சொல் ஏவப்பட்டது. சொல்லளவில் பார்த்தால் அது ஒரு படகைப் பற்றிய சொல்லே. அதனைச் சொன்னவரும், தாம் படகைப் பற்றியே பேசியதாக விடை கூறல் எளிது. ஆயின், 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் செவியில் அச்சொல் எவ்வாறு விழுந்திருக்கும்? ஒரு சொல் சுடுமா சுடாதா என்பதற்குச் சுடப்பட்டவனே முதற்சான்று. முப்பாட்டனும் முப்பாட்டியும் ஏலத்தில் விற்கப்பட்ட ஒருவர், தொழில் கற்க ஏட்டைத் திறந்தவுடன், 'அடிமையைக் கொல்க', 'அடிமையை ஆண்டானோடு பிணைக்க' என்னும் வகையான தொடர்களைப் படிக்க நேர்வதை நினைத்துப் பார்த்தால் போதும். வேறு சான்று வேண்டா.

எனினும், நடுநிலை கருதி மற்றொன்றையும் கூறல் வேண்டும். 'மாசுட்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆண்டான் என்பது மட்டுமே பொருளன்று. ஆசிரியன், துறைபோகக் கற்றவன், படியெடுப்பதற்குரிய முதற்படி என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. கிட் என்னும் கருவியின் தலைக்கிளைக்கு 2005-இல் அப்பெயரை இட்டவர், ஒலிப்பதிவின் முதற்படி என்னும் பொருளைக் கருதியே இட்டதாகப் பின்னர்க் கூறினார். எனவே அடிமையின் இணையாக வரும் 'மாசுட்டர்' வேறு. தனித்து நின்று முதற்படியைக் குறிக்கும் 'மாசுட்டர்' வேறு என்று வாதிடுவோரிடம் உண்மை இல்லாமலில்லை. ஒலியைக் கண்டு அஞ்சாது பொருளைக் கண்டு தேர்வதே சொல்லாராய்ச்சி. தனித்தமிழ் அன்பர்களும், ஒரு சொல் வடசொல் போல ஒலிக்கின்றது என்பதற்காகவே தமிழ்ச்சொல்லைத் தள்ளிவிடும் பிழையைச் செய்யாதிருக்க, வேர் காணும் முறையைப் பாவாணர் போன்றோர் வகுத்துத் தந்தனர். அளவும் ஆராய்வும் இன்றிச் செய்யும் களையெடுப்பில் பயிரும் போய்விடும். பைத்தான் ஆக்குநர் நான்கில் மூன்றை ஏற்று ஒன்றைத் தள்ளியதும், இரெடிசு பழைய கட்டளையைத் துணையாக வைத்துக்கொண்டதும், இலினக்சு ஏடு முன்னமே நிலைத்துவிட்ட கருவி வரையறைகளுக்கு விலக்களித்ததும் இவ்வளவறிந்த செயல்களே.

நிறப் பட்டியல்களைப் பற்றியும் இதே தெளிவு வேண்டும். 'இருளுக்கும் ஒளிக்கும் உரிய உவமையே அது. மாந்தரின் தோலுக்கும் அதற்கும் தொடர்பில்லை' என்பர் எதிர்ப்போர். தொடக்கத்தில் தொடர்பில்லை என்றே கொள்வோம். ஆயின், கருப்பு என்றால் தீது, வெள்ளை என்றால் நன்று என்று ஒரு மொழி ஓயாமல் ஓதிக்கொண்டிருக்க, அதே மொழி மாந்தரையும் கருப்பர், வெள்ளையர் என்று பகுக்குமாயின், இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் எத்தனை நாள் நிற்கும்? அது நிற்க, 'தடைப்பட்டியல்' என்றாலே தடுப்பதற்குரியது என்பது தெரிந்துவிடுகின்றது. 'கருப்புப் பட்டியல்' என்றால் ஒருவர் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கின்றது. தெளிவும் கண்ணோட்டமும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது, இரண்டும் இல்லாத சொல்லைக் கட்டியழுவானேன்?

தமிழைப் பொறுத்தவரை இஃது இரவல் நோய். மாயோன் எனக் கருநிறத்தையே பெயராக்கித் தெய்வத்தைப் போற்றிய மொழி தமிழ். கார் என்றால் கருமை. கார் என்றால் முகில். கார் என்றால் மழைப் பருவம். கார் என்றால் அப்பருவத்து நெல். ஊர் எல்லையில் காவல் நிற்பவனும் கருப்பனே. இருண்ட உள்ளம் என்னும் வழக்கு தமிழிலும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், களவும் ஏய்ப்பும் கலந்த செயலைக் குறிக்கத் தமிழன் நிறத்தைத் தேடிப் போகவில்லை. கள்ளச்சாவி, கள்ளக்கணக்கு, கள்ளச்சந்தை, கள்ளச்சாராயம் என்று செயலைக் கொண்டே பெயரிட்டான். ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த செய்தித்தாள்களே 'கருப்புப் பணம்', 'கருப்புப் பட்டியல்', 'கருப்பு ஆடு' என்று எழுதிக் குவித்தன. கருந்தோல் உடைய ஒரு மக்கள், தம் தோலின் நிறத்தையே குற்றத்தின் பெயராக்கி நாள்தோறும் காலையில் படித்துவருகின்றனர்! இதனினும் பெரிய மடமை வேறுண்டோ?

கணினியைத் தமிழ்ப்படுத்துவோர் இவ்விடத்தில் நின்று எண்ணல் வேண்டும். ஆங்கிலேயன் தன் ஏட்டிலிருந்து நீக்கிவிட்ட சொல்லைத் தமிழன் தன் ஏட்டில் 'ஆண்டான்–அடிமை' என்று பெயர்த்தெழுதினால், அது மொழிபெயர்ப்பாகாது. குப்பையை வாரிவந்து முற்றத்தில் கொட்டுவதாகும். ஆண்டான், அடிமை என்னும் சொற்கள் தமிழ்மண்ணில் வெறும் அகரமுதலிச் சொற்கள் அல்ல. பண்ணையில் பிறந்து பண்ணையிலேயே மாண்ட பல தலைமுறையினரின் முதுகில் எழுதப்பட்ட சொற்கள் அவை. கருவிகளின் தொழிலை நோக்கினால் தமிழ்ச்சொல் தானே கிட்டும். தரவுத்தளத்துக்கு முதன்மை, படி, பொறிகளுக்குக் கட்டுப்படுத்தி, கருவி, நிரலோட்டத்துக்குத் தாய்நிரல், பணிநிரல், நிரற்கோப்புக்குத் தலைக்கிளை, பட்டியல்களுக்குத் தடைப்பட்டியல், இசைவுப் பட்டியல். இவற்றுள் எதற்கும் எவரும் நாண வேண்டுவதில்லை. எதற்கும் உரை எழுத வேண்டுவதுமில்லை. பிறமொழியாளர் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுகின்றனர். தமிழர்க்கோ கால்கோளே இப்போதுதான் நடக்கின்றது. முதற்கல்லையே கோணலாக வைத்துவிட்டுப் பின்னர்ச் சுவரை நிமிர்த்துவானேன்?

இனி, மூன்றாம் கூற்று. 'இதனைவிடப் பெரிய சிக்கல்கள் இருக்கின்றன' என்பது அது. இக்கூற்றை எள்ளி ஒதுக்கலாகாது. இதில் பாதி மெய் உண்டு. 'மாசுட்டர்' என்பதை மாற்றிய அதே கிட்கப்பு நிறுவனம், அமெரிக்கக் குடியேற்றக் காவல் துறையோடு கொண்டிருந்த ஒப்பந்தத்தைக் கைவிட வேண்டும் என்று அதன் ஊழியர் பலர் 2019-இலேயே கோரினர். நிறுவனம் இசையவில்லை. கிளையின் பெயரை மாற்றுவதற்குச் செலவு சிறிது. ஒப்பந்தத்தை முறிப்பதற்குச் செலவு பெரிது. எனவே, சொல்மாற்றம் ஒரு திரைச்சீலையாகத் தொங்கவிடப்படுகின்றது என்று கருப்பின நிரலாளருள்ளும் சிலர் குறைகூறியது முறையே. வேலைக்கு எடுக்கும்போது வாயிலை அடைத்துவிட்டு, ஏட்டில் மட்டும் இனிய சொல்லை எழுதிவைப்பது ஏய்ப்பு.

தமிழ்நாட்டு வரலாறும் இதற்குச் சான்று தரும். இழிவு தோன்ற வழங்கிய பெயர்களை விலக்கி 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை அரசுப் பதிவுகளில் வழங்க வேண்டும் என எம். சி. இராசா முதலியோர் போராடினர். 1922-ஆம் ஆண்டில் சென்னை அரசு அவ்வாறே ஆணையிட்டது. பதிவேட்டில் பெயர் மாறியது. குளத்திலும் கோவிலிலும் நிலை மாறவில்லை. தீண்டாமையைச் சட்டத்தால் ஒழிக்க 1950-இல் அரசியற் சட்டம் நடப்புக்கு வரவேண்டியிருந்தது. அதன் பின்னும் அது மக்கள் மனத்தை விட்டு நீங்கவில்லை. நூறாண்டு கடந்து, 2025-ஆம் ஆண்டு ஏப்பிரலில், ஒடுக்கப்பட்டோர் வாழிடங்களை இழிவாகச் சுட்டும் 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் எனத் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது. ஒரு சொல்லை நீக்கியதனால் ஒரு சுவர் இடிந்துவிடவில்லை என்பதை இவ்விரண்டு ஆண்டுகளும் காட்டும்.

ஆயின், அதனால் 1922-ஆம் ஆண்டின் போராட்டம் வீண் என்று எவரேனும் கூறத் துணிவரோ? தன்னை எப்பெயரால் அழைக்க வேண்டும் என்று தானே சொல்லும் உரிமையை ஒரு மக்கள் எடுத்துக்கொண்ட நாள் அது. பெயர் கேட்டவர்கள் அடுத்துப் பள்ளி கேட்டனர். பள்ளி கேட்டவர்கள் அடுத்து நிலம் கேட்டனர். சொல்மாற்றம் போராட்டத்தின் முடிவன்று. தொடக்கமாக மட்டுமே அது மதிக்கத்தக்கது. பெரிய சிக்கல் தீரட்டும், பிறகு சொல்லைப் பார்த்துக்கொள்வோம் என்போர், பெரும்பாலும் பெரிய சிக்கலையும் தீர்க்கப் புறப்பட்டவர் அல்லர் என்பது பட்டறிவு. வீடு பற்றியெரியும்போது முற்றம் பெருக்குவதா என்று கேட்பவர், நெருப்பை அணைக்கக் குடத்தோடு நிற்கின்றாரா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இச்சொற்போரில் போற்றத்தக்கது ஒன்றுண்டு. அது திறந்த வெளியில் நடந்தது. யார் என்ன சொன்னார், எக்கரணியத்தால் எது ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது என்பன எல்லாம் எவரும் படிக்கும்படி எழுத்தில் நிற்கின்றன. எதிர்த்தவர் இசைந்ததும், இசைந்தவர் அளவு கண்டதும் அதில் தெரியும். தமிழ்க் கலைச்சொல்லாக்கமும் அத்தகைய திறந்த களத்தில் நடைபெறல் வேண்டும். நான்கு சுவருக்குள் நால்வர் அமர்ந்து ஆக்கிய சொல் ஏட்டோடு நின்றுவிடும்; பலர் கூடிக் கரணியம் காட்டி ஆக்கிய சொல்லே வழக்கில் ஏறும். தனித்தமிழ் என்பது பிறமொழிச் சொல்லை விலக்குவதோடு முடிந்துவிடும் பணியன்று. தமிழ் எழுத்தில் எழுதப்பட்டிருந்தும் தமிழ் நெஞ்சுக்கு ஒவ்வாத கருத்தை விலக்குவதும் அதன் பாற்பட்டதே. 'கருப்புப் பட்டியல்' என்பதில் ஒரு வேற்றெழுத்தும் இல்லை. ஒரு வடசொல்லும் இல்லை. எனினும் அது தமிழன்று.

தமிழ் இளைஞர் பல்லாயிரவர் இன்று நிரல் எழுதுகின்றனர். உலகம் முழுதும் பயன்படுத்தும் மென்பொருள்களில் அவர்தம் கைவண்ணம் கலந்திருக்கின்றது. அவர்களுள் ஒவ்வொருவர் முன்னும் என்றேனும் ஒரு நாள் பெயரிடும் பொறுப்பு வந்து நிற்கும். அப்பொழுது, பிறர் இட்ட பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு பெயர்த்தெழுதுதல் எளிது. பொருளை நோக்கிப் பெயரிடுதல் சிறிது அரிது. அச்சிறு அருமையை மேற்கொள்வோரே மொழிக்கு ஆக்கம் தருவோர். வெள்ளையன் தன் கையிலிருந்து கழற்றி எறிந்த விலங்கைத் தமிழன் குனிந்து பொறுக்கித் தமிழ்த்தாயின் கையில் பூட்டுவானாயின், அப்பழி அவனை ஆண்ட ஆங்கிலத்தைச் சாராது. எண்ணாமல் எழுதிய தமிழனையே சாரும்.